அதியமான் பெருவழி: தகடூர் நாட்டின் நடைவழிகள்

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த தொல்பொருள்களில் அளவில் சிறியவையும் செய்தியில் பெரியவையுமாக இரண்டு கற்கள் உள்ளன. இரண்டும் காதக் கற்கள். இன்றைய சொல்லில் கூறினால் மைல்கற்கள். ஒன்றில் அதியமான் பெருவழி என்ற சாலையின் பெயரும், நாவற்றாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்ற தொலைவும் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றொன்று அதே சாலையில் அதே ஊருக்கு 27 காதம் என்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு இவை கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கப்படுகிறது. சங்க காலத்து நெடுமான் அஞ்சியின் பெயரால் தகடூரை ஆண்ட பிற்கால அதியமான்களின் காலம் அது. மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு அடங்கிய விடுகாதழகிய பெருமாள் அந்த மரபில் நன்கு அறியப்பட்டவர்.

கல்லில் சாலையின் பெயரும் ஊரின் பெயரும் மட்டும் இருந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கல்வெட்டாகவே இருந்திருக்கும். ஆனால் தொலைவு தமிழ் எண்ணாலும், அதற்குக் கீழே குழிகளாலும் குறிக்கப்பட்டுள்ளது. 29 காதக் கல்லில் இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரிய குழி ஒன்று பத்து. சிறிய குழி ஒன்று ஒன்று. பல்லாங்குழி ஆடத் தெரிந்த எவரும் இதைப் படித்துவிடலாம். எழுத்தறியாத மாட்டுக்காரர், உப்பு சுமப்பவர், பிழைப்புத் தேடி ஊர் மாறும் குடும்பம் என யார் வந்தாலும் குந்தி உட்கார்ந்து விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இருட்டிவிட்டாலும் படிக்கலாம்.

அரசர்களின் கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயில் சுவரில் இருக்கும். அவை கொடையையும் வரியையும் வெற்றியையும் பேசும், படிக்கத் தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை. இந்தக் குழிகள் வழியில் நடக்கிறவருக்காக வெட்டப்பட்டவை. இடைக்காலத் தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவரையும் வாசகராகக் கருதிய கல்வெட்டு இதைவிடத் தெளிவாக வேறு இருப்பது அரிது.

காதம் என்பது எவ்வளவு

காதத்துக்கு அகராதிகள் தரும் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஏழு கல் என்பாரும் பத்துக் கல் என்பாரும் உண்டு. அகராதியைவிட வழியையே கேட்பது நல்லது.

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கில் உள்ள ஆறகழூரில் இன்னொரு காதக் கல் உள்ளது. அங்கு ஆண்ட வாணகோவரையர்களோடு தொடர்புடைய மகதேசன் பெருவழியில், காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று அது சொல்கிறது. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு முனைகளும் இன்றும் அதே இடத்தில் அதே பெயரோடு இருக்கின்றன. ஆறகழூரிலிருந்து காஞ்சிபுரம் வரை நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வரும். கால்வழி நேர்கோட்டில் போகாது. எனவே ஒரு காதம் பத்தரைக் கிலோமீட்டருக்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை.

சிலப்பதிகாரம் வேறொரு சான்று தருகிறது. புகாரிலிருந்து மதுரை 30 காதம் என்று கோவலன் கண்ணகிக்குச் சொல்கிறான். அவர்கள் காவிரிக் கரையோடு நடந்து, அரங்கத்தருகே ஆற்றைக் கடந்து, உறையூர் வழியாகத் தெற்கே போனார்கள். அந்தப் பாதையை இன்றைய வரைபடத்தில் தொட்டுக்கொண்டு போனால் 250 முதல் 285 கிலோமீட்டர். காதத்துக்கு ஏறத்தாழ எட்டேகால் முதல் ஒன்பதரைக் கிலோமீட்டர் என்று ஆகிறது. இரண்டு சான்றுகளுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் இருந்தும் வேறுபாடு பெரிதாக இல்லை. காதம் கயிறு போட்டு அளந்த அளவாக இருந்ததைவிட, நடந்து பழகிய அளவாகவே இருந்திருக்க வேண்டும். சுமையோடு ஒருவர் அரை நாளில் கடக்கும் தொலைவு அது.

பத்துக் கிலோமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் நாவற்றாவளம் தருமபுரிப் பகுதியிலிருந்து 290 கிலோமீட்டர். நாளைக்கு இரண்டு காதம் நடந்தால் பதினைந்து நாள் பயணம். இப்படிக் கணக்கிட்ட பிறகுதான் கல்லின் பயன் முழுதாகப் புரிகிறது. எவ்வளவு அரிசி கட்டிக்கொள்வது, மாட்டுக்குத் தீனி எங்கே, அமாவாசைக்குள் போய்ச் சேர முடியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் குழிகள் விடை சொல்லின.

தாவளமும் பெருவழியும்

தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். பொதிமாடுகளை அவிழ்த்துக் கட்டி, சரக்கை இறக்கி, ஓரிரு நாள் இளைப்பாறி, வாங்கி விற்றுப் போகும் இடம். நானாதேசிகள், ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் இந்தச் சொல் வருகிறது. நாவல் மரத்தடியில் தொடங்கிய தாவளம் ஒன்று ஊராகி, பதினைந்து நாள் தொலைவிலும் பெயர் சொன்னால் விளங்கும் அளவுக்கு வளர்ந்தது என்று அந்தப் பெயரிலிருந்தே ஊகிக்கலாம். நீண்ட சாலைக்கு முனையாகத் தலைநகரத்தையோ பெரிய கோயிலையோ குறிக்காமல் ஒரு தாவளத்தைக் குறித்தது, அந்தச் சாலையில் யார் அதிகம் நடந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பெருவழி என்றதும் கல் பாவிய ரோமானியச் சாலையை நினைக்க வேண்டியதில்லை. கோவை அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு ஒரு பாறையில் உள்ளது. தமிழகத்தின் பெருவழிகளில் மிகவும் அறியப்பட்டது அது. அங்கும் கல்வெட்டுதான் சாலைக்குச் சான்று, தளம் அல்ல. காலும் குளம்பும் மிதித்து இறுகிய மண்தான் பெருவழி. நிலக்கொடைக் கல்வெட்டுகளில் எல்லை சொல்லும்போது பெருவழிக்குக் கிழக்கு, பெருவழிக்குத் தெற்கு என்று குறிப்பது சோழர் காலத்தில் வழக்கம். அதாவது வழி மண்ணாலானதாக இருந்தாலும் அதன் இடம் அசையாது. அதை நம்பி எல்லை வகுக்கலாம். கொடை பெற்றவர் தம் நிலத்தை வழிக்குள் தள்ளிக்கொள்ள முடியாது.

தகடூருக்கு இந்த முக்கியத்துவம் நிலஅமைப்பால் வந்தது. மைசூர்ப் பீடபூமிக்கும் கீழ்நாட்டுச் சமவெளிக்கும் இடையில் ஒரு படிக்கட்டைப் போல இந்த நாடு கிடக்கிறது. மேலே ஏற இராயக்கோட்டைப் பக்கம் வழி. தெற்கே சேலத்துக்கு இறங்கத் தொப்பூர்க் கணவாய். கிழக்கே திருவண்ணாமலைப் பக்கம் போகச் செங்கம் கணவாய். ஊர்ப் பெயர்களிலேயே இந்தப் போக்குவரத்து தெரியும். பாப்பாரப்பட்டி, மாரண்டஅள்ளி என்று பட்டியும் அள்ளியும் கலந்து கிடக்கின்றன. அள்ளி என்பது கன்னட ஹள்ளி. வேலி போட்டுப் பிரிந்த எல்லைப்புறத்தில் இப்படிக் கலப்பு வராது. நடந்து போய் வந்து குடியேறியவர்களின் நாட்டில்தான் வரும்.

புல்லை முடிந்து வை

காதக் கற்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வட்டாரத்து நடைவழிகளுக்கு ஒரு வழிகாட்டி எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம். அரூரிலிருந்து வடகிழக்கே மலைகளைத் தாண்டினால் வரும் ஊர். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே, போய் வந்தவர் போகப் போகிறவருக்கு வழி சொல்வதுதான். என்றாலும் பல ஆற்றுப்படைகளில் வழி பெயரளவுக்கே வரும், அரசனின் புகழே பாட்டை நிறைக்கும். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் அப்படியல்ல. அதில் வழிதான் பாட்டு.

காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், குழியில் பாம்பு கிடக்கும் இடத்தை எப்படிக் கடப்பது, தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் மேலே படாமல் எப்படி மரங்களின் மறைவில் போவது, பாசி படிந்த வழுக்குப் பாறையில் எதைப் பிடித்து நடப்பது என்று அது ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இரவில் குகையில் தங்கு, விடிந்த பிறகு நட. எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் உண்டு. கூட்டத்தில் யாழும் முழவும் சுமந்த ஆண்களோடு பெண்களும் இருக்கிறார்கள் என்பதைப் புலவர் மறப்பதே இல்லை. வேகமாக நடப்பதற்கல்ல, எல்லாரும் சேர்ந்து பத்திரமாகப் போய்ச் சேர்வதற்கான அறிவுரைகள் இவை.

அவற்றில் ஒன்று இங்கே தனியாகக் குறிக்கத் தக்கது. முன்பின் தெரியாத கவர்வழியில் எந்தப் பக்கம் போவது என்று கண்டுகொண்டதும், சரியான வழியைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார் புலவர். பின்னால் வருகிறவர் திகைக்காமல் இருக்க அந்த முடிச்சு. அது இரண்டு மழைக்குத் தாங்காது. ஆனாலும் கல்லில் குழி வெட்டியவரின் எண்ணமும் புல்லை முடிந்தவரின் எண்ணமும் ஒன்றே.

அதே பாட்டில் வழியோர நடுகற்களும் வருகின்றன. தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. நகரின் அகழ்வைப்பகத்தில் அவை வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவன், ஊரைக் காத்து மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்கிறது. அகழ்வைப்பகத்துக்கு வராமல் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்பவை இன்னும் பல. அவற்றில் சிலவற்றை ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள். எழுத்து எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்துவிடுகிறது என்று கல்வெட்டாய்வாளர் வருந்துவது உண்டு. ஆனால் கும்பிடப்படாத கற்கள் துணி துவைக்கவும் மதகுக்கு மூடியாகவும் போயிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடந்து போகிறவருக்கு வேடியப்பன் கல் தெய்வமும் அடையாளமும் ஆகும். வேடியப்பனிலிருந்து இடப்பக்கம் திரும்பு என்று சொன்னால் போதும்.

வழியோரக் கற்களில் மற்றொரு வகை சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, தலையுயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். சுமையைத் தலையில் தூக்கி வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் அது உதவும். தமிழகம் முழுவதும் காணப்படும் இவற்றில் பல, பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக உறவினர் நட்டவை. இறக்கி வைக்கப்படாத ஒரு சுமைக்கு ஈடாக, ஊர் பேர் தெரியாதவர்களின் சுமையை இறக்க ஓர் இடம். இன்று சுமைதாங்கிகள் பெரும்பாலும் சாலையை விட்டு விலகிப் புதரில் நிற்கின்றன. அவை நிற்கும் கோடுதான் பழைய நடைவழி.

பாராமகால்: வழி புறம்போக்கான கதை

18ஆம் நூற்றாண்டில் இந்த வழிகளில் படைகள் நடந்தன. 1767இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் செங்கம் கணவாய் ஒரு போர்க்களமானது. படைகளோடு லம்பாடிகள் நடந்தார்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிச் சென்ற அவர்களே அக்காலத்தின் சரக்குப் போக்குவரத்து. பின்னாளில் இருப்புப்பாதை வந்து அந்தத் தொழிலை முடித்தது. அரூர் வட்டத்துச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடிகளோடு லம்பாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. நடந்தவர்கள் நின்ற இடங்கள் அவை.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி. அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் இருந்தார். தருமபுரியில் அவருக்கு வீடும் தோட்டமும் இருந்தன. ஊர் ஊராகச் சென்று வயலை வயலாக அளந்து, உழவரிடமே நேராக வரி விதிக்கும் முறையை இவர்கள் இங்கேதான் உருவாக்கினார்கள். பின்னர் மதராஸ் மாகாணம் முழுவதும் பரவிய இரயத்துவாரி அதுவே.

இந்த அளவை பெரும்பாலும் வரியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அது நடைவழிகளின் வரலாறும் கூட. நிலம் முழுவதையும் வரி தருவது, தராதது என்று பிரித்தபோது, வழி இரண்டாவது கூட்டத்தில் விழுந்தது. ஏரி, ஓடை, சுடுகாடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றோடு வழியும் புறம்போக்கானது. ஊர்க் கணக்கில் பாட்டை, வண்டிப்பாதை என்று அதற்கு எண் கிடைத்தது. ஒரு வகையில் பாதுகாப்புத்தான். அரசு நிலம் என்றால் யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் புறம்போக்கு என்ற சொல் தமிழில் என்ன ஆனது என்பது எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் உரியதல்லாதது, எடுத்துக்கொண்டால் கேட்பாரில்லாதது. சோழர் காலக் கல்வெட்டில் நிலத்துக்கு எல்லையாக நின்ற வழி, இப்போது நிலத்தால் நெருக்கப்படும் மிச்சமாகிவிட்டது. பக்கத்து வயல்காரர் ஆண்டுக்கு ஒரு சால் கூடுதலாக உழுதால் இருபது ஆண்டில் வண்டிப்பாதை வரப்பாகிவிடும்.

இருப்புப்பாதைகூட இங்கே நிலைக்கவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய பாதை இரயில் வந்தது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் மூடப்பட்டது. அதன்பின் மறுபடி கால்நடையும் மாட்டுவண்டியும், பிறகு பேருந்தும்.

இங்கிலாந்தின் மஞ்சள் அம்பு

மன்றோவின் தாய்நாட்டுப் பக்கம் இந்தக் கதை வேறு விதமாகப் போனது. இங்கிலாந்தின் சிற்றூர் எதற்குப் போனாலும், தேவாலயத்தின் பக்கத்திலிருந்தோ மதுக்கடையின் பின்புறத்திலிருந்தோ ஒரு நடைவழி கிளம்பும். தனியார் வயலின் நடுவே அது போகும். கம்பத்தில் மஞ்சள் அம்பு வழி காட்டும். வேலி வந்தால் ஏறிக் கடக்கப் படி இருக்கும். நில உரிமையாளர் அதை மறிக்கக் கூடாது. உழுதால் திரும்பச் சமன்செய்து தர வேண்டும். வயதானவர்களும் குழந்தைகளும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடந்து வரும் எளிய சுற்றுகள் இவை.

இது தானாகக் கிடைத்ததல்ல. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் போன பிறகு, ஆலைத் தொழிலாளர்கள் நடக்கவும் இடமின்றிப் போனார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். 1949இல் வந்த சட்டம், உள்ளூர் நிர்வாகம் ஒவ்வொன்றும் தன் பகுதியின் நடைவழிகளை வரைபடத்தில் பதிவுசெய்யக் கட்டாயமாக்கியது. அந்த வரைபடத்தில் இருக்கும் கோடு, எதிர்ச்சான்று காட்டி மாற்றப்படும் வரை, உரிமைக்கு முடிவான சான்று.

தமிழகத்து ஊர்களுக்கும் கோடுகள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படத்தில் பாதை வரையப்பட்டிருக்கும். அ பதிவேட்டில் அதன் எண் இருக்கும். பட்டா நிலத்தின் வழியே நடந்து பழகியவர்களுக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் உண்டு. தடையின்றி, உரிமையாக, 20 ஆண்டு பயன்படுத்திய வழி உரிமையாகிவிடும். அரசு நிலமானால் 30 ஆண்டு. சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அது வழக்குப் போடுகிறவருக்கே பயன்படும். அங்கே கோடு பொதுவில் கிடக்கிறது, அம்பு வயலில் நிற்கிறது. இங்கே கோடு அலுவலகப் பெட்டியில் இருக்கிறது. குழி வெட்டிய கல்லை நட்டவருக்கு இந்த வேறுபாடு உடனே புரிந்திருக்கும்.

மலைமேல் ஊர்கள்

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தருமபுரியின் மலையூர்களில் நடை என்பது ஞாயிற்றுக்கிழமை இன்பம் அல்ல. பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிச் செல்லும் படம் தேர்தல்தோறும் நாளிதழ்களில் வருவது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். அந்தக் கழுதை தேர்தல் இல்லாத நாள்களில் ரேஷன் அரிசி சுமக்கிறது என்பது படத்தில் தெரிவதில்லை. நோயாளியை இறக்கத் துணியில் தூளி கட்டி, கம்பில் மாட்டி, தோள்மாற்றித் தூக்குகிறார்கள். தருமபுரி நகரிலிருந்து பார்த்தால் தெரியும் வத்தல்மலைக்கே அண்மைக் காலத்தில்தான் கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போனது.

இந்த ஊர்களின் பழைய வழிகள் பெரும்பாலும் காப்புக்காடுகளின் ஊடே செல்கின்றன. காட்டுக்கு எல்லை வகுத்தபோது வழியும் வனத்துறை நிலமாயிற்று. தலைமுறைகளாக நடந்த பாதையை அகலப்படுத்தவும் அனுமதி தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு ஒரு வாசலைத் திறந்தது. பள்ளி, மருந்தகம், குடிநீர் முதலியவற்றோடு சாலைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டப்படாது என்றால், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது மூன்று மீட்டர் அகலச் சாலைக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம் தரும். காதக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. அதைவிட நீண்ட மலைவழிக்கு வேறு அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும்.